எண் இறங்கிய நாள்

குழந்தைகள் பனியனுக்குப் பின்கழுத்தில் சைஸ் லேபிள் தைக்க மாட்டார்கள். தைத்தால் குத்தும், குழந்தை அழும், கடல் தாண்டி எவளோ ஒரு தாய் கடைக்காரனிடம் சண்டைக்குப் போவாள். அதனால் லேபிளைச் சூடு வைத்து ஒட்ட வேண்டும். ஹீட் சீல் என்று பெயர். மண்ணரையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு அந்த வேலையைத்தான் நானும் என் மனைவி ஷமீமாவும் செய்துவருகிறோம். கம்பெனிகளிலிருந்து பனியன் மூட்டை வரும், லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவோம்.

பெரிய வேலை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் சூடு கொஞ்சம் கூடினால் போதும், துணியில் மஞ்சளாக ஒரு தடம் விழும். பீஸ் ரிஜெக்ட். ஷமீமா அந்த விஷயத்தில் புலி. மெஷின் திரையில் என்ன எண் ஓடினாலும் நம்ப மாட்டாள். துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூடு ஏறிக் கெடக்குதுங்க, கொஞ்சம் கொறைங்க" என்பாள். நான் எரிச்சலோடு எழுந்து போய்ப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். கை சுடுவதும் உண்டு. அதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கா ஓட முடியும்? மெஷின் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் இருக்கும். ஒரு சொட்டுத் தடவிக்கொண்டு அடுத்த பீஸை எடுப்போம். திருப்பூரில் அயர்ன் போடுகிறவர், சீல் போடுகிறவர் எல்லாருக்கும் இதுதான் வைத்தியம்.

கல்யாணமாகி வெகு காலம் எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். காலையில் டீ வைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பு முன்னால் நின்றபடியே, "ஏனுங்க, தண்ணி போகுதுங்க" என்றாள். குரலில் பதற்றமே இல்லை. நான்தான் பைக் சாவியைத் தேடிக்கொண்டு வீடெல்லாம் ஓடினேன், ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று உறைக்கவே நேரமாயிற்று.

அன்று மதியத்துக்குள் பையன் பிறந்தான். ஒரு கிலோவுக்கும் குறைவு. காட்டினார்கள். எனக்கு முதலில் தோன்றியது வெட்கக்கேடான ஒரு நினைப்பு. நாங்கள் ஒட்டுகிற லேபிள்களிலேயே மிகச் சின்ன சைஸ் புதுசாய்ப் பிறந்த குழந்தைக்கு உள்ளது. அந்தப் பனியனுக்குள் இவனைப் போல மூன்று பேரைப் போடலாமே என்று நினைத்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் ஒரு சின்ன மாஸ்க். அதன் வழியாக மெஷின் காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. குழந்தைகள் டாக்டர் பூங்குழலி என்னைவிட வயதில் சின்னவர். ஆனால் விளக்கிச் சொல்வதில் சலிக்காதவர். எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மூச்சு இவனே விடறான். ஆனா நுரையீரல் இன்னும் பழுக்கலை. உள்ள இழுக்கிற காத்துல இருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போயிடுது. வெளிய போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு முழுசாப் போகாம ரத்தத்துல தங்குது. அது ரொம்ப ஏறினா மூளைக்குள்ள மெல்லிசான ரத்தக் குழாய் வெடிச்சிரும். ரொம்ப இறங்கினாலும் கெடுதல்தான். அதனால எவ்வளவு இருக்குன்னு பார்த்துப் பார்த்துத்தான் மெஷின் அழுத்தத்தைக் கூட்டணும், குறைக்கணும்."

பார்ப்பதற்கு ரத்தம் எடுத்தார்கள். குதிகாலில் குத்தி, பிழிந்து எடுப்பார்கள். அவன் குதிகால் என் சுண்டுவிரல் நுனி அளவுதான். கன்றிப்போய் நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஷமீமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். ஒரு நாள் டாக்டர் கையையே பிடித்துக்கொண்டாள்.

"இனிக் குத்தாதீங்க டாக்டர். அவனுக்கு இருக்கறதே ரெண்டு ஸ்பூன் ரத்தமுங்க. அதையும் நீங்களே எடுத்துட்டா அவன் எதை வெச்சுப் பொழைப்பான்?"

டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் பெட்டி பக்கத்தில் புதிதாக ஒரு மெஷின் வந்திருந்தது. அதன் வயர் நுனியில் சட்டைப் பட்டன் மாதிரி ஒன்று. அதை ஒட்டும் வளையம் ஒன்றில் பொருத்தி, குழந்தையின் மார்பில் ஒட்டினார்கள். அந்தப் பட்டன் தோலை லேசாகச் சூடாக்கும். சூட்டில் ரத்தம் தோலுக்குப் பக்கத்தில் வரும். அதில் உள்ள கார்பன் டை ஆக்சைடு தோல் வழியே கசிவதை அளந்து திரையில் எண்ணாகக் காட்டும். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். ஒரே இடத்தில் விட்டால் சுட்டுவிடும் என்பதால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுவார்கள். ஷமீமா அந்த மெஷினைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

அன்று முதல் எங்கள் உயிர் அந்த எண்ணில் இருந்தது. ஐம்பதை ஒட்டி இருந்தால் நல்லது என்றார் டாக்டர். அது அறுபத்தைந்தில் நின்றது. ஒரு நாள் அறுபத்தொன்பது, ஒரு நாள் அறுபத்திரண்டு. ராயபுரத்திலிருந்து மாமனார் போன் பண்ணினால் சலாம் சொன்ன கையோடு, "இன்னிக்கு எத்தனை?" என்பார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நானும் காலையில் உள்ளே போனதும் பையன் முகத்தைப் பார்க்கும் முன் திரையைத்தான் பார்த்தேன்.

ஏழாம் நாள் பெயர் வைத்தோம். நர்ஸ் வர்ஷினி பெட்டியின் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் அதில் வாயை வைத்து, சத்தம் அவனை அதிரவைத்துவிடக் கூடாதே என்று மூச்சுக் குரலில் பாங்கு சொன்னேன். அஃப்சல் என்று மூன்று முறை கூப்பிட்டேன். ஷமீமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, தானும் உதட்டை அசைத்தாள்.

அந்த வார்டில் அடுத்த பெட்டிக்குப் புதிதாக ஒரு பெண் குழந்தை வந்தது. அதன் தாய் ஜோதிகா, சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஓவர்லாக் டெய்லராக இருக்கும் பெண். புருஷன் ஆரோக்கியராஜுக்கு வேறு கம்பெனி. தாய்மார்கள் பால் பிழிகிற அறையில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். "அக்கா, அக்கா" என்று அவள் ஷமீமாவின் பின்னாலேயே சுற்றுவாள்.

பட்டன் ஒட்டி எடுத்த இடத்தில் அஃப்சலுக்கு வட்டமாகச் சிவந்த தடம் விழுந்தது. ஒன்று மறைவதற்குள் இன்னொன்று. மார்பிலும் வயிற்றிலுமாக நாலைந்து வட்டம். ஷமீமா அதைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். ரிஜெக்ட் பீஸைப் பார்க்கும் பார்வை.

"இது சீல் தடம்ங்க. சூடு ஏறிக் கெடக்குது" என்றாள்.

வர்ஷினி, "அது தானா மறைஞ்சிரும்மா. எல்லாப் பாப்பாவுக்கும் இப்படித்தான் வரும்" என்றாள். அந்தப் பெண் சொன்னது உண்மைதான். ஷமீமா தலையாட்டினாள். தலையாட்டினால் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தமில்லை, நான் சம்சாரம் நடத்துகிறவன், எனக்குத் தெரியும்.

அந்த வார்டில் எண்ணெய்க்குத் தடை இல்லை. காய்ந்து தோல் உரிந்த கால்களுக்கு நர்சுகளே தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார்கள். கால்களுக்கு மட்டும். ஷமீமா ஒரு நாள் மதியம் உள்ளே போனபோது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் நுனியில் எண்ணெயைத் தொட்டு, அந்தச் சிவந்த வட்டங்கள் ஒவ்வொன்றின் மேலும் வைத்துவிட்டு வந்தாள். பெற்றவள், குழந்தைக்குச் சுட்டிருக்கிறது, எண்ணெய் வைத்தாள். வேறு எந்தத் தொழில் செய்கிற தாயாவது இருந்திருந்தால் நர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பாள்.

சாயங்காலம் நான் போனபோது திரையில் ஐம்பத்திரண்டு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் நாற்பத்தொன்றில் வந்து நின்றது. ஆக்சிஜன் எண்ணும் நன்றாக இருந்தது. டியூட்டியில் இருந்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நல்லா முன்னேறியிருக்கான், இனியும் இறங்கக் கூடாது" என்று மெஷின் அழுத்தத்தைக் குறைத்தார். வர்ஷினி எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

வெளியே வராந்தாவில் ஷமீமா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே? மத்தியானம் அந்தத் தடத்துல எல்லாம் எண்ணெய் வெச்சனுங்க. காந்தல் நின்னிருக்குது. அதான் ஒழுங்கா மூச்சு உடறான்."

நான் என்ன டாக்டருக்கா படித்தேன்? வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளை பிறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். மாமனாருக்கு நானே போன் பண்ணி, "நாப்பத்தொண்ணு மாமா" என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் பிரியாணி வாங்கி இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை வார்டுக்குள் எங்களை விடவில்லை. வெளியே நின்றோம். உள்ளே ஓடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து டாக்டர் பூங்குழலி என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கி மேஜை மேலேயே வைத்துவிட்டேன்.

"காலைல ரத்தம் எடுத்துப் பார்த்தோம். எண்பத்தெட்டு" என்றார். "மெஷின் அப்பவும் நாற்பத்தொண்ணுதான் காட்டிட்டிருந்தது."

எனக்கு விளங்கவில்லை.

"பட்டனைக் கழட்டிப் பார்த்தோம். தோல்ல எண்ணெய் இருந்திருக்கு. இடம் மாத்தினப்ப சிஸ்டர் துடைச்சுட்டுத்தான் ஒட்டியிருக்காங்க. ஆனா முழுசாப் போகலை. வளையம் சரியா ஒட்டாம, உள்ள வெளிக்காத்து போயிருக்கு. வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு இல்லைன்னே சொல்லலாம். அதனால எண் இறங்கிருச்சு. இறங்கினதை நம்பி நாங்க அழுத்தத்தைக் குறைச்சிட்டோம். உள்ள ஏறிட்டே போயிருக்கு. திடீர்னு இறங்கினப்பவே ரத்தம் எடுத்துச் சரிபார்த்திருக்கணும். அது எங்க தப்பு. நான் மறைக்க மாட்டேன். ஸ்கேன்ல மூளைக்குள்ள ரத்தக் கசிவு தெரியுது. பெரிய கசிவு."

"எண்ணெயாலயா?" என்று கேட்டேன்.

"அதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இவ்வளவு சின்னக் குழந்தைங்களுக்கு ஒண்ணுமே நடக்காம இருந்தாலும் கசிவு வரும். இதனால வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு." நான் வைத்த தண்ணீரை என் பக்கமாக நகர்த்தினார். "அம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க ரபீக். அவங்களால தாங்க முடியாது. நாங்களும் யாரும் சொல்ல மாட்டோம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் அதை நல்லது என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அஃப்சல் ரொம்ப நேரம் இருக்கவில்லை. கடைசியில் எல்லா வயரையும் டியூபையும் எடுத்துவிட்டு அவனை ஷமீமாவின் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் அவன் முகத்தை முழுசாகப் பார்த்தோம். மூக்கு என் அத்தா மூக்கு. அவள் அழவில்லை. அவன் மார்பை மட்டும் விரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள். வர்ஷினி ஓரமாக நின்று அழுதாள். என் கண்ணைப் பார்க்க அவளால் முடியவில்லை.

மையவாடிக்கு அவனை நானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். சுமப்பதற்கு நாலு பேர் வேண்டியிருக்கவில்லை. கஃபன் துணியோடு சேர்த்தும் கனம் தெரியவில்லை. தொழுகை முடிந்து, குழிக்குள் வைத்து, மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் பனியன் மூட்டைகளுக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஷமீமா பேசிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் வெச்சதும் நாப்பத்தொண்ணுக்கு வந்துட்டானுங்க. என்ற கண்ணாலயே பார்த்தனுங்க. இவரும் பார்த்தாரு. கையில குடுத்தப்ப மார்ல எண்ணெயே இல்லீங்க. காலைல அந்த நர்சு வர்ஷினி அத்தனையும் தொடச்சு உட்டுட்டா. அதுக்கப்பறந்தான் எல்லாம் போச்சு."

பெண்கள் "ச்சு" கொட்டினார்கள். பிள்ளை சொர்க்கத்து வாசலில் உனக்காகக் காத்திருப்பான் என்று ஒருத்தி சொன்னாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் இதையே சொன்னாள். முதலில் சும்மா சொன்னவள், நாள் போகப் போக வர்ஷினியைச் சபிக்கவும் தொடங்கினாள். "அவ கை வெளங்காமப் போகோணும்" என்பாள். அந்தப் பெண்ணை இவள் இப்படித் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது பாவம் என்று தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? மகன் மேல் அவள் கை பட்டதே சில முறைதான். அந்தக் கையால் அவனுக்கு ஒரு நல்லது செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது ஒன்றுதான் அவளிடம் மிச்சம். அதையும் நான் பிடுங்க வேண்டுமா? மெஷின் எண்ணை ஒரு நாளும் நம்பாதவள், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒரு மெஷின் காட்டிய எண்ணை நம்பியிருந்தாள். எனக்கு அல்லாஹ்வின் மேலேயே கோபம் வந்தது. அப்புறம் பயந்து மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்ச காலத்தில் ஷமீமா மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே சொன்னாள். பேச்சில்லாமல் வேலை ஓடியது. லேபிளை வைப்பாள், அமுக்குவாள், பீஸைத் தள்ளுவாள். இப்போதெல்லாம் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதில்லை.

அப்படி ஒரு பிற்பகலில்தான் ஜோதிகா போன் பண்ணினாள். ஷமீமாவுக்குக் கையில் வேலை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். பக்கத்து மெஷினில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, இன்னைக்கும் அறுபத்தெட்டு காட்டுதுக்கா. குறையவே மாட்டேங்கு. இப்படியே இருந்தா தொண்டைக்குள்ள குழாய் போடணும்னு சொல்லுதாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." அழுதுகொண்டே பேசினாள்.

"பாப்பாவுக்கு மார்ல செவப்பா வட்டம் வட்டமா இருக்குதா கண்ணு?"

"இருக்குக்கா. நெறைய இருக்கு."

"அதுல எண்ணெய் வெய்யி. ஒரு சொட்டுப் போதும். என்ற பையனுக்கு வெச்ச அன்னிக்கே எறங்குச்சு."

"இங்க இப்ப எண்ணெயே கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா. என்னத்துக்குன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க."

"அப்படித்தான் சொல்லுவாங்க. தாய் கை வெச்சு நல்லாயிருச்சுன்னா அவிங்களுக்குப் பொறுக்குமா? நர்சு அக்கட்டால திரும்பறப்ப வெச்சுரு. தொடைக்க மட்டும் உட்டுராத."

"சரிக்கா. தலைக்கு வைக்கிற எண்ணெய் எங்கிட்ட இருக்கு. நாலு மணிக்கு உள்ள விடுவாங்க. வச்சிருதேன்."

போன் வைக்கப்பட்டது. என் கையில் இருந்த பனியன் கருகியது. மெஷினின் சூட்டுத் தகட்டைத் தூக்க மறந்திருந்தேன்.

வெளியே வந்து வார்டு நம்பருக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஆரோக்கியராஜுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவன் கம்பெனியில் வேலை நேரத்துக்குப் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பைக்கில் போனால் இந்த நேரத்து நெரிசலில் நாலு மணிக்குள் போய்ச் சேருவது நடக்காது. ஜோதிகாவின் நம்பர் ஷமீமாவின் போனில் இருந்தது. ஆனால் நான் கூப்பிட்டு என்ன சொன்னாலும் அந்தப் பெண் என்னை நம்பப் போவதில்லை. அவள் நம்புவது அவளுடைய அக்காவை.

நான் உள்ளே போனேன்.

"ஜோதிகாவுக்குப் போன் போட்டு எண்ணெய் வேண்டாம்னு சொல்லு. டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவாங்க."

"போட்டாப் போடட்டுமுங்க."

"வேண்டாம்னா கேளு ஷமீமா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்குத்தான் கொடுத்து வெக்கலை. அவ புள்ளையாவது பொழைக்கட்டுமுங்க" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. டாக்டர் சொன்ன வார்த்தைகள் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. மேஜையில் கிடந்த ஒரு லேபிளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"நிட்டிங் மெஷின்ல எண்ணெய் சொட்டின பீஸ் வந்தா, அது மேல லேபிள் ஒட்டுனா என்ன ஆகும்?"

"ஒட்டாதுங்க. ஓரம் தூக்கிக்கும். காத்து போயி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. கண் மட்டும் லேபிளிலிருந்து என் முகத்துக்கு வந்தது. முகத்தில் என்ன படித்தாளோ, மெஷினின் ஸ்விட்சை அணைத்தாள். என்னுடையதையும் எட்டி அணைத்தாள்.

"அந்த நாப்பத்தொண்ணு?"

"தப்பு ஷமீமா. வெளிக்காத்து புகுந்து தப்பாக் காட்டியிருக்குது."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாள் காலையில."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் போனைத்தான் எடுத்தாள். முதல் முறை விரல் வழுக்கி வேறு யாருக்கோ போயிற்று, துண்டித்துவிட்டு மறுபடி போட்டாள். ஜோதிகா எடுத்ததும், "உள்ள போயிட்டியா கண்ணு?" என்றாள்.

"இல்லக்கா, இப்பத்தான் கை கழுவுதேன்."

"எண்ணெய் வெக்காத."

"என்னக்கா, இப்பத்தானே வைக்கச் சொன்னீய?"

ஷமீமா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சொல் ஒரு சொல்லாகச் சொன்னாள். "நான் தப்பாச் சொல்லிட்டேன். எண்ணெய் பட்டா அந்தப் பட்டன் ஒட்டாது, நம்பர் பொய்யாக் காட்டும். என்ற பையனுக்கு அப்படித்தான் ஆச்சு. நான் வெச்சதாலதான் ஆச்சு. நல்லாயிட்டான்னு நெனச்சுக் காத்தைக் கொறைச்சுட்டாங்க. அந்தப் பாட்டிலை இப்பவே குப்பையில போடு. போட்டுட்டியா? போட்டுட்டேன்னு சொல்லு."

"போட்டுட்டேன்க்கா" என்று ஜோதிகா சொன்னது மெதுவாகக் கேட்டது.

"அந்த வர்ஷினி சிஸ்டர் இருந்தா..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

முன்னறையில் மெஷின்கள் ஆறுகிற வாடை அடித்தது. நான் அவள் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"காலையில ரத்தத்துல எத்தனை இருந்துச்சுங்க?"

"எதுக்கு ஷமீமா அது?"

"எத்தனைன்னு கேட்டேன்."

"எண்பத்தெட்டு."

அவள் உதட்டுக்குள் அதை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் அவன் அழுகவே இல்லீங்க" என்றாள். "தெனமும் கொஞ்சமாவது சிணுங்குவான். அன்னிக்கு அசையக்கூட இல்லை. நிம்மதியாத் தூங்கறான்னு நெனச்சேன். அவன் மூச்சு முட்டிக் கெடந்திருக்கான். நான் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டு இருந்திருக்கேன்."

நானும் சிரித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை.